சென்னா மரத்தை வெட்டினால் ஏன் பெருகுகிறது?

புலிகள் காப்பகத்துக்குள் சுள்ளி பொறுக்கினாலே கேள்வி கேட்பார்கள். அதே முதுமலையில் மரம் மரமாக வெட்டி, லாரியில் ஏற்றி, கரூர் மாவட்டத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலைக்கு அனுப்ப வனத்துறையே ஏற்பாடு செய்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அந்நிய மரங்களை அகற்றும் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டது. காட்டைக் காக்க வேண்டியவர்களே மரத்தை வெட்டச் சொல்வது ஏன் என்ற குழப்பம் ஒரு பக்கம். வெட்டிய இடத்தில் மறுபடியும் புதராக மரம் நிற்கிறதே, இத்தனை செலவும் எதற்கு என்ற எரிச்சல் இன்னொரு பக்கம்.

இரண்டுக்கும் காரணம் ஒரே மரம்: சென்னா ஸ்பெக்டாபிலிஸ். செய்திகளில் மஞ்சள் கொன்றை என்று வருவதும் இதுதான். கூடலூர், மசினகுடி, வயநாடு பகுதிகளில் காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது வனத்துறையோடு நின்றுபோகும் பிரச்சினை அல்ல. காட்டின் விளிம்பில் நிற்கும் மரத்தின் காய்க்கு வேலி எது, எல்லைக்கல் எது என்று தெரியாது.

அந்நிய மரம் வேறு, ஊடுருவும் மரம் வேறு

வெளிநாட்டிலிருந்து வந்த மரமெல்லாம் கெடுதல் என்றால் தேயிலை, காப்பி, ரப்பர் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியிருக்கும். சாலையோரத்து குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி மரம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. இரண்டும் நூறாண்டுக்கு மேலாக இங்கே நிற்கின்றன. ஆனால் காடு காடாக வளைத்துப் போட்டுக்கொள்ளவில்லை. இவை அந்நிய மரங்கள், அவ்வளவுதான்.

ஊடுருவும் மரம் என்பதற்கு இன்னும் இரண்டு தகுதிகள் வேண்டும். யாரும் நடாமலே தானாகப் பரவ வேண்டும். பரவும் இடத்தில் ஏற்கெனவே இருந்த செடி, புல், விலங்குகளின் வாழ்வைக் கெடுக்க வேண்டும். பல்லுயிர் தொடர்பான பன்னாட்டு அறிவியல் மன்றமான ஐ.பி.பி.இ.எஸ். 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதர்களால் புது இடங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட உயிரினங்கள் 37,000-க்கும் மேல். அவற்றில் தீங்கு விளைவிக்கும் ஊடுருவிகள் 3,500-க்கும் மேல். பத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த ஒன்று எது என்று கண்டுபிடிப்பதுதான் விஷயம். ‘வெளிநாட்டு மரம், வெட்டு’ என்று மொத்தமாகக் கிளம்புவது, ‘மரம் என்றால் நல்லது, விடு’ என்று சொல்வதைப் போலவே யோசனையற்ற பேச்சு.

இந்தியச் சட்டமும் இந்தப் பிரிவினையை ஏற்றிருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், ஊடுருவும் அந்நிய இனம் என்பதற்கு முதன்முறையாக வரையறை கொடுத்தது. இந்தியாவைச் சேராததாகவும், அறிமுகத்தாலோ பரவலாலோ வன உயிரினங்களுக்கோ அவற்றின் வாழிடத்துக்கோ கேடு செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்படிப்பட்ட இனங்களின் இறக்குமதி, விற்பனை, பெருக்கம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த ஒன்றிய அரசுக்கு அதிகாரம் உண்டு. இதே 2022-ல் தமிழக அரசும் அந்நிய ஊடுருவல் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்தது.

எப்படி வந்தது?

சென்னாவின் சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கா. கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ, சீக்கிரம் வளர்ச்சி, நல்ல நிழல். அழகு மரம் தேடுபவர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அலங்காரத்துக்கும் நிழலுக்கும் விறகுக்கும் எல்லை மரமாகவும் நட்டார்கள். வயநாட்டில் 1980-களில் சமூகக் காடு வளர்ப்பின் பெயரில் நாற்று விட்டு நட்டது வனத்துறையேதான். பின்னாளில் வயநாடு வன உயிரினச் சரணாலயத்தின் 344 சதுர கிலோமீட்டரில் சுமார் 123 சதுர கிலோமீட்டரில், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடத்தில் சென்னா பரவிவிட்டது. அந்தச் சரணாலயத்தை ஒட்டியே முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே. காட்டுக்கு மாநில எல்லை கிடையாது, மரத்துக்கும் கிடையாது.

இதன் தழையை மானும் காட்டெருமையும் பெரும்பாலும் தொடுவதில்லை. அடர்ந்து நிற்கும் சென்னாவின் கீழே வெளிச்சம் இறங்காது, புல் முளைக்காது. மேய்ச்சல் விலங்குகளுக்கு அந்த இடம் பச்சையாகத் தெரிந்தாலும் வெறும் நிலம்தான். தீனி குறைந்தால் அவை வேறு இடம் தேடும். யானையும் காட்டுப்பன்றியும் தோட்டத்துக்குள் வருவதற்கு ஆயிரம் காரணம் உண்டு, எல்லாவற்றையும் சென்னா தலையில் கட்ட முடியாது. ஆனாலும் காட்டுக்குள் புல்வெளி சுருங்குவது அந்தக் கணக்கில் சேராமல் போகாது.

முதலில் மரத்தைச் சரியாகப் பாருங்கள்

மஞ்சள் பூவைப் பார்த்ததும் கத்தியை எடுத்தால் சொந்த மண்ணின் சரக்கொன்றை பலியாகும்.

1. சரக்கொன்றையின் பூச்சரம் கீழ்நோக்கித் தொங்கும். சென்னாவின் பூங்கொத்து கிளை நுனியில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும்.

2. சரக்கொன்றையின் ஒரு காம்பில் பெரிய இலைகள் நான்கைந்து ஜோடி, அதிகம் போனால் எட்டு. சென்னாவில் சிறிய, நீண்ட, முனை கூர்ந்த இலைகள் பத்துப் பதினைந்து ஜோடி வரிசையாக இருக்கும்.

3. சரக்கொன்றைக் காய் தடித்த கறுப்புக் குழல். முற்றினால் கல்லாக இறுகும். சென்னாவின் காயும் உருளைதான், ஆனால் விரலைவிட மெல்லியது. உள்ளே அறை அறையாகத் தட்டை விதைகள் அடுக்கியிருக்கும்.

சமவெளிச் சாலையோரங்களில் நிற்கும் இன்னொரு மஞ்சள் கொன்றையும் உண்டு. அதன் காய் தட்டையாக இருக்கும், இலை நுனி மழுங்கியிருக்கும். அது வேறு மரம். இந்தக் கட்டுரையில் சொல்லும் முறைகளை அதன்மேல் காட்ட வேண்டியதில்லை.

வெட்டினால் என்ன நடக்கிறது?

இந்த மரத்தின் பலம் கண்ணுக்குத் தெரியும் அடிமரத்தில் இல்லை. ஒன்று அடிக்கட்டையில் இருக்கிறது, இன்னொன்று மண்ணுக்குள் கிடக்கும் விதையில் இருக்கிறது.

அடிக்கட்டையை முதலில் எடுத்துக்கொள்வோம். மரத்தின் உச்சியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் கீழே இருக்கும் மொட்டுகளைத் தூங்கவைக்கிறது. உச்சியை வெட்டினால் அந்தத் தடை போய்விடும். வேரில் மரம் சேர்த்துவைத்த மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. விழித்த மொட்டுகள் அதைத் தின்று மேலே பாயும். கரும்பு வெட்டியவருக்கு மறுதாம்பை, அதாவது வெட்டிய கட்டையிலிருந்தே கிளம்பும் அடுத்த பயிரைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. சென்னா செய்வதும் அதுவே. ஒற்றை அடிமரம் நின்ற இடத்தில் பல கொம்புகள் வரும். வயநாட்டில் முதலில் வெட்டிப் பார்த்தபோது கிடைத்த பாடம் இது.

விதை அடுத்தது. ஒரு காயில் ஐம்பதுக்கு மேல் விதைகள் இருக்கலாம்; வளர்ந்த மரம் ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் உதிர்க்கும். விதையின் மேலோடு கடினமானது. தண்ணீர் உள்ளே புகும்வரை மண்ணில் சும்மா கிடக்கும். எல்லாம் ஒரே ஆண்டில் முளைத்துத் தீர்ந்துவிடாது. இப்படிச் சேர்ந்து கிடப்பதை விதை வங்கி என்பார்கள். மேலே நிழல் இருக்கும்வரை அடங்கியிருக்கும். மரத்தைச் சாய்த்ததும் வெயில் இறங்கும், மண் சூடாகும், முதல் மழைக்கே நாற்றங்கால் போல முளைக்கும்.

ஜே.சி.பி. வைத்து வேரோடு பிடுங்கினால் அடிக்கட்டைச் சிக்கல் தீர்கிறது. ஆனால் கிளறிய மண்ணில் விதை வங்கியைத் தானே உழுதுவிட்டது போல ஆகிறது. இயந்திரத்தின் சக்கரத்தில் ஒட்டிய மண்ணோடு விதை அடுத்த தோட்டத்துக்கும் போகும். சரிவு நிலத்தில் மண்ணரிப்பு வேறு.

பட்டை உரித்துப் பட்டினி போடுவது

மரத்தைக் கொல்ல வேண்டும், ஆனால் அது வெட்டுப்பட்டதாக உணர்ந்து துளிர்க்கக் கூடாது. இதற்குப் பலன் தரும் வழி பட்டை உரிப்பு. தான்சானியாவின் மஹாலே மலைத் தேசியப் பூங்காவிலும் இதே சென்னா காட்டுக்குள் பரவியது. அங்கே பட்டையை வளையமாக அறுத்துப் பார்த்து, அது வேலை செய்கிறது என்று 2002-லேயே ஆய்வாக வெளியிட்டார்கள். கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் வயநாட்டுக்குப் பரிந்துரைத்ததும் பட்டை உரிப்பைத்தான்.

அடிமரத்துக்குள் இரண்டு குழாய்கள் ஓடுகின்றன. உள்கட்டையில் இருக்கும் சைலம் தண்ணீரை மேலே ஏற்றும். பட்டையை ஒட்டியிருக்கும் புளோயம் இலை சமைத்த சர்க்கரையை வேருக்கு இறக்கும். பட்டையை மட்டும் எடுத்துவிட்டால் தண்ணீர் மேலே போகும், இலை பச்சையாக இருக்கும், மரம் தன் பாட்டுக்கு வேர்ச்சேமிப்பைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். வேருக்குப் புதிதாக எதுவும் வந்து சேராது. மாதக்கணக்கில் வேர் பட்டினி கிடந்து சாகும். அதன்பின் வெட்டினாலும் துளிர்க்க அங்கே சரக்கு இருக்காது.

செய்முறையில் தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவையே.

1. கையகல வளையம் போதும் என்று நினைப்பது. வளையத்துக்குக் கீழே பட்டை மிச்சமிருந்தால் அங்கிருந்து துளிர் கிளம்பும். நெஞ்சு உயரத்திலிருந்து, சுமார் 4 அடி, தரைவரை முழுதாக உரிக்க வேண்டும். அடியில் மண்ணைக் கொஞ்சம் தள்ளி, வேர்த்தூரின் மேல்பாகத்தையும் சேர்த்து.

2. மேல்பட்டை போனதும் நிறுத்திவிடுவது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வழவழப்பாக ஒரு படலம் இருக்கும். விரல் வைத்தால் வழுக்கும். புதுப் பட்டையை உண்டாக்குவது அதுதான். வாச்சியாலோ கத்தியின் பின்புறத்தாலோ அது காய்ந்த கட்டைபோல் சொரசொரப்பாகும்வரை சுரண்ட வேண்டும். அடிமரத்தின் மடிப்புக்குள் சுண்டுவிரல் அகலம் விட்டுப்போனாலும் மரம் அந்த வழியே சர்க்கரையை இறக்கிப் பிழைத்துக்கொள்ளும்.

3. கோடையில் மல்லுக்கட்டுவது. மரத்தில் சாறு ஓடும் மழைக்காலத்தில் பட்டை தோல்போல் உரிந்து வரும். வறட்சியில் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும்.

4. உரித்துவிட்டு மறந்துவிடுவது. மாதம் ஒருமுறை சுற்றிவந்து, வெறும் கட்டையில் மொட்டு எட்டிப் பார்த்தால் கையாலேயே தட்டிவிட வேண்டும். முழம் உயரம் வளரவிட்டால் அது வேருக்குச் சோறு போடத் தொடங்கிவிடும்.

இந்த முறையின் குறை, மரம் நின்றபடியே சாவதுதான். காய்ந்த மரம் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. வீடு, பாதை, மின்கம்பி, மாட்டுத்தொழுவம் பக்கத்தில் இருந்தால் பட்டை உரித்துவிட்டு நிற்கவிடக் கூடாது. அங்கே வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய கையோடு அடிக்கட்டையின் பட்டையையும் தரைக்குக் கீழ்வரை உரிக்க வேண்டும், அல்லது தோண்டி எடுக்க வேண்டும்.

சின்னதற்குச் சின்ன வேலை

எல்லா மரத்துக்கும் பட்டை உரிப்பு தேவையில்லை. நாற்றுகளை மழைக்கு மறுநாள் கையால் பிடுங்கலாம். வேர் முழுதாக வந்ததா என்று மட்டும் பார்க்க வேண்டும். மணிக்கட்டுப் பருமன் கன்றுகளுக்கு நெம்புகோல் போல அடியைக் கவ்வி இழுக்கும் கருவி உண்டு. இல்லாவிட்டால் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். அரிவாளால் கொத்திவிட்டு வருவது மட்டும் கூடாது.

எங்கே தொடங்குவது என்பதில் பலருக்கும் கை தவறுகிறது. அடர்ந்த தோப்பைப் பார்த்துக் கோபம் வந்து அதன் நடுவில் போய் நிற்பார்கள். அங்கே விதை வங்கி ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. இந்த ஆண்டு தொடுவதற்கும் அடுத்த ஆண்டு தொடுவதற்கும் பெரிய வித்தியாசமில்லை. தனியாக, தள்ளி, புது இடத்தில் காய்க்கத் தொடங்கியிருக்கும் ஒற்றை மரம்தான் அவசரம். அதை முதலில் முடித்து, ஓடையின் மேற்பகுதியைச் சுத்தம் செய்து, விளிம்பிலிருந்து உள்நோக்கிப் போக வேண்டும். அடுத்த மழையில் கண்காணிக்க முடிகிற அளவு நிலத்தைத்தான் ஒரு பருவத்தில் திறக்க வேண்டும்.

வெட்டிய கிளையில் காய் இருந்தால் அதை வேலிக்கோ மூடாக்குக்கோ எடுத்துப்போகக் கூடாது. காயைத் தனியே பிரித்து அந்த இடத்திலேயே எரிப்பது நல்லது. வேலையையே காய் முற்றுவதற்கு முன் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

களைக்கொல்லி தடவினால் வேகமாகச் சாகுமே என்பார்கள். காட்டு நிலத்திலும் ஓடைக்கரையிலும் அது வேண்டாம் என்பதற்குத் தண்ணீரே போதுமான காரணம். கிளைபோசேட் விஷயத்தில் 2022 அக்டோபரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. கடையில் கிடைக்கிறது என்பதால் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்றாகிவிடாது.

சொந்த நிலம், ஆனாலும் அனுமதி

மலைப்பகுதியில் பட்டா நிலத்து மரமென்றாலும் உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955, அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் மரம் வெட்ட மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும் என்கிறது. தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலத்துக்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். கூடலூர்ப் பக்கம், ஜென்மி என்ற பழைய நிலக்கிழார்களின் உரிமையை ரத்து செய்த ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் உரிமையே தீராத வழக்கு. ஆகவே நாற்றையும் கன்றையும் பிடுங்குவதோடு தொடங்கி, பெரிய மரங்களுக்கு இடம், எண்ணிக்கை, படம் வைத்து வனச்சரகரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுக் கை வைப்பதே புத்திசாலித்தனம். பட்டை உரிப்பதும் மரத்தைக் கொல்வதுதான். வெட்டவில்லையே என்று வாதாடிப் பயனில்லை.

காப்பகத்துக்குள் சட்டம் இன்னும் இறுக்கம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-ஆம் பிரிவின்படி, சரணாலயத்திலிருந்து எதை அகற்றுவதானாலும் அது வன உயிரினங்களின் நன்மைக்காக இருக்க வேண்டும். அகற்றியதைச் சுற்றுவட்டார மக்களின் சொந்தத் தேவைக்குக் கொடுக்கலாம், வணிகத்துக்குக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2000 பிப்ரவரியில், பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் காய்ந்த, விழுந்த மரங்களைக்கூட எடுக்கத் தடை விதித்தது. மரக் கடத்தலைத் தடுக்க எழுதிய விதிகள் இவை. ஊடுருவும் மரத்தை ஆயிரக்கணக்கான டன் அகற்ற வேண்டிய நாள் வரும் என்று எழுதியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். கோப்பு மேசை மேசையாக அலைவதும், விவகாரம் நீதிமன்றம்வரை போவதும் இதனால்தான்.

டன் கணக்கு எதை அளக்கிறது?

காகித ஆலைக்குக் கூழ் வேண்டும், வனத்துறைக்கு மரம் போக வேண்டும். கேட்க நல்ல ஏற்பாடுதான். கேரளத்தில் அரசின் காகித நிறுவனத்துக்குப் பேசிய விலை டன்னுக்கு 350 ரூபாய், அதாவது கிலோ 35 காசு. அந்தக் காசில் வெட்டிய நிலத்தைப் பல ஆண்டுகள் கண்காணித்து நாற்றுப் பிடுங்க முடியாது என்பது கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும். அதைவிடப் பெரிய கோளாறு, டன் என்ற அளவுகோல். டன்னுக்குப் பணம் என்றால் ஒப்பந்தக்காரர் தடித்த மரத்தைத் தேடுவார். மணிக்கட்டுக் கன்றை விட்டுவிடுவார். அடிக்கட்டை எடை சேராது என்பதால் அதைத் தோண்ட மாட்டார். அவர்மேல் தப்பில்லை, பேசிய வேலையை அவர் செய்கிறார். பரப்புக் கணக்கிலும் இதே ஓட்டை உண்டு: இத்தனை ஹெக்டேர் அகற்றப்பட்டது என்ற அறிக்கை வெட்டிய நாளோடு முடிந்துபோகும், அந்த ஹெக்டேர் இரண்டு மழைக்குப் பின் எப்படி இருக்கிறது என்பது அதில் வராது.

காலியான இடத்தில் எது வந்து உட்காருகிறது என்பதும் வேலையின் பாதி. வெறுமனே விட்டால் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் காத்திருக்கின்றன. காட்டில் புல்லும் மூங்கிலும் நெல்லி, வேங்கை, வெண்தேக்கு போன்ற உள்ளூர் மரங்களும் மீண்டும் வர வேண்டும். புல் முதலில் பிடித்தால் சென்னா நாற்றுக்கு வெளிச்சம் குறையும். தோட்ட நிலத்தில் தீவனப்புல்லோ தட்டைப்பயறோ கொள்ளோ உடனே விதைத்து மண்ணை மூடுவது எளிது.

தோட்ட உரிமையாளர் ஆளை வைத்து இந்த வேலையைச் செய்வதானால் ஒப்பந்தத்தை மூன்றாகப் பிரிப்பது நல்லது. அடிமரம் போனதும் ஒரு பங்கு. அடுத்த மழை முடிந்து அடிக்கட்டைகளில் துளிர் இல்லை என்று பார்த்தபின் ஒரு பங்கு. அதற்கடுத்த மழையில் முளைத்த நாற்றைப் பிடுங்கி, புல் பிடித்திருக்கிறது என்று காட்டினால் மீதி. பல வேலைக்காரர்கள் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கூலியும் கூடும். ஆனால் முதல் நாளே முழுப் பணத்தையும் கொடுத்த தோட்டத்தில் மூன்றாம் ஆண்டு அதே ஆளை அதே வேலைக்குக் கூப்பிட வேண்டிவரும்.